வேனைத் தூக்கும் முன் குனிந்து பாருங்கள்

இயற்கை உழவர் வைத்திருக்கும் வேனுக்கு ஆயுள் கொஞ்சம் குறைவுதான். துணி மூட்டையும் மளிகைச் சாமானும் ஏற்றுகிறவருடைய வண்டி நிதானமாக வயதாகும். அதே வருஷத்து மாடல் நம்மிடம் இருந்தால் அதன் அடித்தகரம் அதற்கு முன்பே உதிர ஆரம்பித்துவிடும். நாம் என்ன ஏற்றுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கோமியக் கேன், ஜீவாமிர்த டிரம், ஈரச் சாணம், மீன் அமிலம், புண்ணாக்கு மூட்டை, மண் ஒட்டிய வெங்காயம். கோமியத்தில் உப்புகள் உண்டு, அதிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியாவாகும். பஞ்சகவ்யத்தில் தயிர் புளித்து அமிலமாகும். பயிருக்கு அமுதமாக இருப்பது இரும்புக்கு அப்படி இல்லை. மேடு பள்ளத்தில் டிரம் தளும்பி வழிகிறது, மேட்டுக்கு அடியில் ஓடி, கதவின் கீழ் விளிம்பில் இறங்கித் தங்குகிறது. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே தகரம் அப்பளமாகியிருக்கும்.

இது தெரியவருவது பெரும்பாலும் டயர் பஞ்சரான அன்றைக்குத்தான். ஜாக்கியை வைத்துச் சுற்றுவோம். வண்டி மேலே போகாது, ஜாக்கிதான் தகரத்துக்குள்ளே போகும். அந்த நேரம் பார்த்து யாராவது ஸ்டெப்னியைச் சக்கரப் பள்ளத்துக்குள் நுழைத்துக்கொண்டிருந்தால் கை போகும். அடியில் படுத்திருந்தால் ஆளே போகலாம். ஆகவே ஜாக்கி வைப்பதைப் பற்றி ஒரு விவசாயப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். நம்முடைய விளைச்சலை நாமே சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பேசுகிறோம். அப்படியானால் வண்டியும் நம் பண்ணைக் கருவிதான்.

எங்கள் உப்பிலியபுரம் பக்கம், வைரிசெட்டிப்பாளையம், கொப்பம்பட்டி, சோபனபுரம் என்று எந்த ஊரை எடுத்தாலும் உழவர் வீட்டு வாசலில் நிற்பது மூன்றே வகைதான். பழைய மாருதி ஆம்னி, அதற்குப் பின் வந்த ஈகோ, அப்புறம் டாடா ஏஸ் என்கிற குட்டி யானை. துறையூர் உழவர் சந்தைக்கும் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கும் இவற்றில்தான் போகிறோம். ஆம்னி 1984-ல் வந்தது. 2019-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அதாவது இன்றைக்கு ஓடுகிற எந்த ஆம்னியும் புதுசு இல்லை. ஈகோ 2010-ல் வந்தது. குட்டி யானை 2005-ல்.

ஜாக்கி வைக்கிற விஷயத்தில் இந்த மூன்றும் இரண்டு சாதி. குட்டி யானைக்கு அடியில் நீளவாக்கில் இரண்டு கனமான சட்டங்கள் ஓடுகின்றன, லாரிக்கு இருப்பது போல. அதுதான் சேஸிஸ். கேபினும் தொட்டியும் அதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன. எடை முழுவதையும் சட்டமும் ஆக்சிலும் சுமக்கின்றன. ஆகவே ஆக்சிலுக்குக் கீழே, பட்டை ஸ்பிரிங் உட்காரும் இடத்தை ஒட்டி ஜாக்கி வைத்தால் வண்டியின் தகரத்துக்கு ஒரு கீறலும் வராது. முன்னாலும் பின்னாலும் அதற்கு ஒரே நீள ஆக்சில்தான் என்பதால் வேலை சுலபம்.

ஆம்னியும் ஈகோவும் அப்படி இல்லை. அவற்றில் லாரி மாதிரித் தனிச் சட்டம் கிடையாது. தரைத்தகடு, பக்கத்தகடு, கூரை எல்லாம் வெல்டிங்கில் சேர்ந்து முட்டை ஓடு மாதிரி ஒரே கூடாக நின்று எடையைத் தாங்குகின்றன. முட்டையை உள்ளங்கையில் வைத்து எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், நகத்தால் ஒரு இடத்தில் குத்தினால் உடையும் என்பது தெரியும்தானே. ஜாக்கி அந்த நகம். அதற்காகவே கம்பெனிக்காரர்கள் நான்கு மூலைக்கு நான்கு இடம் ஒதுக்கி, உள்ளே கூடுதல் தகடு வைத்துப் பலப்படுத்தியிருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் மெல்லிய தகரம்.

அந்த நான்கு இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை நீளமாக ஒரு பெட்டி மாதிரி ஓடும். டிங்கர் கடையில் ரன்னிங் போர்டு என்கிறார்கள். குனிந்து பார்த்தால் அதன் அடியில் இரண்டு தகடுகளைச் சேர்த்து ஸ்பாட் வெல்டிங் அடித்த ஒரு விளிம்பு, புடவைக் கரை போலத் தொங்கும். பெரும்பாலான வேன்களிலும் கார்களிலும் முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் பின்னால் ஒரு ஜோடியும், பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஜோடியுமாக அந்த விளிம்பில் சின்ன வெட்டுகள் இருக்கும். ஒரு ஜோடியின் இரண்டு வெட்டுகளுக்கு நடுவில்தான் ஜாக்கி. வண்டியோடு வந்த கையேட்டில் படமே போட்டிருப்பார்கள். பழைய வண்டி வாங்கியவர்களிடம் கையேடு இருக்காது. அதே மாடல் வைத்திருக்கும் வேறொருவரிடம் வாங்கி, அந்த ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வண்டியில் போட்டு வையுங்கள்.

வண்டியோடு கொடுக்கிற ஸ்க்ரூ ஜாக்கியின் தலையைப் பார்த்தீர்களானால் நடுவில் ஒரு காடி இருக்கும். அந்த விளிம்பு காடிக்குள் நேராக இறங்கி உட்கார வேண்டும். அது அழகுக்கு வைத்ததல்ல. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், பழைய வேலைப் பழக்கம் விடமாட்டேன் என்கிறது. காலி ஈகோ 900 கிலோவுக்கு மேல். ஒரு மூலையைத் தூக்கும்போது, பின்னால் கொஞ்சம் சுமையும் இருந்தால், ஜாக்கி மேல் 350 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விளிம்பின் கனம் இரண்டு தகடும் சேர்த்து ஏறக்குறைய 2 மில்லி மீட்டர். தட்டையான தலையில் 5 சென்டி மீட்டர் நீளம் படுகிறது என்றால் தாங்கும் பரப்பு ஒரே ஒரு சதுர சென்டி மீட்டர். நம் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் 350 கிலோ! விளிம்பு நேராக நிற்கும்வரை தாங்கும். லேசாகச் சாய்ந்ததோ, தகரம் மடங்கிவிடும். காடி அதைச் சாயவிடாமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிறது.

என் ஈகோவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நெடுஞ்சாலையோரம் ஒரு பஞ்சர் கடை. எந்த ஊர் என்று வேண்டாம், அந்தப் பையன் நல்ல உழைப்பாளி. வட்டத் தலை பாட்டில் ஜாக்கியைக் கொண்டுவந்து விளிம்பின் நட்டநடுவில் வைத்து நாலு அடி அடித்தான். நான் டீக்கடையிலிருந்து திரும்புவதற்குள் ஒரு சாண் நீளத்துக்கு விளிம்பு உள்பக்கம் மடங்கிக் கிடந்தது. “ஒண்ணும் ஆவாது சார், அடியிலதானே இருக்கு, யாருக்குத் தெரியப்போவுது” என்றான். வெளியே தெரியாதுதான். மடங்கிய இடத்தில் பெயின்ட் வெடிக்கும், அந்த வெடிப்பில் தண்ணீர் நிற்கும், அதில் கோமியமும் சேரும். துறையூரில் வழக்கமாகப் பார்க்கும் டிங்கர் தம்பி அதை நிமிர்த்தி, சுரண்டி, ப்ரைமர் அடித்துக் கொடுத்தார். பஞ்சருக்குக் கொடுத்ததைப் போல இருபது மடங்கு செலவு. அப்போதுதான் அவர் இன்னொன்றும் சொன்னார்: “சார், உங்க ஆளுங்க வண்டி வந்தா எனக்குப் பார்த்ததுமே தெரிஞ்சிடும். ஒரு பக்கம் மட்டும் அரிச்சிருக்கும். நீங்கள்லாம் டிரம்மை எப்பவும் ஒரே பக்கமா வைக்கிறீங்க.”

அவர் சொன்னது சரிதான் என்பதை எங்கள் மாதாந்திரக் கூட்டத்துக்கு வந்த வண்டிகளைக் குனிந்து பார்த்தபோது தெரிந்துகொண்டேன். பக்கக் கதவு வழியாக டிரம்மை ஏற்றுகிறோம், அந்தக் கதவோரமே வைக்கிறோம், அந்தப் பக்கத்து ரன்னிங் போர்டுதான் முதலில் போகிறது.

ஆகவே ஜாக்கி எடுக்க வேண்டிய தேவை வருவதற்கு முன்பே, வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போது இதைச் செய்துவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் ரன்னிங் போர்டின் அடிப்பாகத்தை ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் தொப்பென்று கேட்கும், அல்லது உள்ளே துரு பொலபொலவென்று கொட்டும் சத்தம் வரும். சந்தேகப்பட்ட இடத்தில் முனையால் அழுத்துங்கள். உள்ளே போனால் அந்த மூலையில் ஜாக்கி வைக்கும் பேச்சே இல்லை, வெல்டிங் பட்டறைதான். பெயின்ட் கொப்புளம் விட்டிருந்தாலும் அதே சந்தேகம்தான். புது மண்பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்க்கிறோமே, அந்தக் காது போதும்.

ரன்னிங் போர்டின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகளும் இருக்கும். உள்ளே போன தண்ணீர் வடிவதற்காக வைத்தவை. நம் வயல் சேறு காய்ந்து அவற்றை அடைத்திருக்கும். ஒரு கம்பியை விட்டுக் குத்தி விடுங்கள். பைசா செலவில்லை, இதைச் செய்கிறவர்கள்தான் இல்லை.

இப்போது தரைக்கு வருவோம். பஞ்சர் நமக்குத் தார் ரோட்டில் மட்டும் ஆவதில்லை. களத்து மேட்டில், வாய்க்கால் கரையில், கரிசல் மண்ணில் ஆகும். ஜாக்கியின் அடித்தட்டு சுமார் 100 சதுர சென்டி மீட்டர் இருக்கும். அதே 350 கிலோவை அதில் வகுத்தால் ஒரு சதுர சென்டி மீட்டருக்கு மூன்றரை கிலோ. ஈர மண்ணில் ஒரு பக்கமாக இறங்கும், ஜாக்கி சாயும், வண்டி நழுவும். அதே ஜாக்கிக்கு அடியில் 30-க்கு 30 சென்டி மீட்டர் பலகை ஒன்றைப் போட்டால் பரப்பு 900 ஆகிறது, அழுத்தம் 0.4 கிலோவாகக் குறைகிறது. ஏறக்குறைய எழுபது கிலோ ஆள் ஒற்றைக் காலில் நிற்கிற அழுத்தம்தான். நாம் நின்றால் புதையாத மண்ணில் ஜாக்கியும் புதையாது. பலகை இரண்டு அங்குலக் கனமாவது இருக்க வேண்டும். மெல்லிய பலகை நடுவில் வளைந்து பிளக்கும், சுமை பரவாது. மரவாடியில் வேம்போ புளியோ துண்டு கேட்டால் கொடுப்பார்கள். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் ஜாக்கிக்கு அடியிலோ வண்டிக்கு அடியிலோ முட்டுக் கொடுக்காதீர்கள். மரம் உடைவதற்கு முன் முனகும், பிளக்கும், நமக்கு ஒரு நொடி கொடுக்கும். செங்கல் சொல்லாமல் தூளாகும்.

சரிவில் தூக்கவே கூடாது. பச்சைமலைக்குச் சோபனபுரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டி ஏறுகிறவர்களுக்கு இது முக்கியம். கொண்டை ஊசி வளைவில் டயர் போனால், மெதுவாக உருட்டியாவது சமதளத்துக்குக் கொண்டுபோங்கள். டயர் வீணாகும். ஆகட்டும்.

ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறேன், கியரிலும் விட்டிருக்கிறேன், எங்கே போய்விடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆம்னி, ஈகோ, குட்டி யானை மூன்றுமே பின் சக்கரத்தால் ஓடுகிறவை. ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் பின் சக்கரங்களைத்தான். பின் சக்கரம் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால், பிரேக் பிடித்து நிற்பது மிச்சமிருக்கும் ஒரே ஒரு சக்கரம். கியர் உதவாதா என்றால், உதவாது. ஆக்சிலின் நடுவில் பூசணிக்காய் மாதிரி உருண்டு நிற்கிறதே, டிஃபரன்ஷியல், வளைவில் திரும்பும்போது ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றுவதற்காக வைத்தது. ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தால் அது ஒரு திசையில் சுற்றிக்கொள்ளும், தரையில் இருக்கும் சக்கரம் மறு திசையில் தாராளமாக உருளும். கியர் போட்டது போட்டபடியே இருக்கும், வண்டி நகரும். ஆகவே பின்பக்கம் தூக்கினால் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன்பக்கம் தூக்கினால் பின் சக்கரங்களுக்கு. கருவேல மரத்துண்டை ஆப்பு மாதிரிச் சரிவாக அறுத்து இரண்டு ஜோடி வண்டியிலேயே போட்டு வைக்கலாம். வழியில் கிடக்கும் உருண்டைக் கல் வேண்டாம், அது சக்கரத்தோடு சேர்ந்து உருளும்.

தூக்குவதற்கு முன் சுமையை இறக்குங்கள். ‘அவசரம், சந்தைக்கு நேரமாச்சு’ என்று வெங்காய மூட்டையோடு தூக்குகிறார்கள். மூட்டையாவது இடத்தில் கிடக்கும். 200 லிட்டர் ஜீவாமிர்த டிரம் என்பது இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள, ஆடுகிற சுமை. வண்டி சாயச் சாய நீர் தாழ்ந்த பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். டிரம்மை இறக்க முடியாவிட்டால் பாதியாவது வாய்க்காலோரத்து மரத்துக்கு ஊற்றிவிடுங்கள், மரம் வாழ்த்தும். ஆட்களும் இறங்கிவிட வேண்டும். பக்கக் கதவை மூடிய பிறகே தூக்க வேண்டும். ஒரே கூடாக நிற்கிற வண்டி என்று சொன்னேன் அல்லவா, ஒரு மூலையைத் தூக்கும்போது கூடு லேசாக முறுக்கிக்கொள்ளும். அரித்துப்போன பழைய ஆம்னியில் கதவைத் திறந்து வைத்துத் தூக்கினால் திரும்பக் கதவு சரியாக மூடாமல் மல்லுக்கட்டும்.

நட்டுகளைத் தளர்த்துவது சக்கரம் தரையில் இருக்கும்போதே. அரைச் சுற்று போதும். தூக்கிய பிறகு வீல் ஸ்பேனரில் ஏறி மிதிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஜாக்கி மேல் நிற்கும் வண்டியை உலுக்குவதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. பிறகு ஜாக்கியைக் கையால் சுற்றி விளிம்பைத் தொடும்வரை கொண்டுவந்து, காடிக்குள் உட்கார்ந்திருக்கிறதா, ஜாக்கி செங்குத்தாக நிற்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு மேலே தூக்குங்கள். இரண்டு அங்குலம் ஏறியதும் நிறுத்தி மறுபடியும் பாருங்கள். சக்கரம் தரையை விட்டு நாலு விரற்கடை எழும்பினால் போதும். காற்றடித்த ஸ்டெப்னி பஞ்சர் டயரைவிடப் பருமன், அதற்குத்தான் அந்த நாலு விரற்கடை.

தூக்கியதும் முதல் வேலை ஸ்டெப்னியை ரன்னிங் போர்டுக்கு அடியில் படுக்கப் போடுவது. பஞ்சர் சக்கரத்தைக் கழற்றியதும் அதை அங்கே தள்ளிவிட்டு ஸ்டெப்னியை எடுத்துக்கொள்ளலாம். ஜாக்கி நழுவினால் வண்டி சக்கரத்தின் மேல் உட்காரும், நம் காலில் உட்காராது. புது டயரை மாட்டி நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, இறக்கிய பிறகு இறுதி முடுக்கு.

டயர் மாற்றுவது ஒரு வேலை. சைலன்சர் கட்டுவது, ஆயில் ஒழுகும் இடம் பார்ப்பது என்று அடியில் படுப்பது முற்றிலும் வேறு வேலை. அதற்கு ஜாக்கியை நம்பக் கூடாது. ஹைட்ராலிக் ஜாக்கியில் ஒரு ரப்பர் சீல் போனால் எண்ணெய் பீறிட்டு ஒரே மூச்சில் இறங்கும். ஸ்க்ரூ ஜாக்கியில் மரை தேய்ந்திருந்தால் வழுக்கும். மூன்று கால், நான்கு கால் வைத்த இரும்பு ஸ்டாண்ட் ஜோடியாகக் கிடைக்கிறது. ஆளுக்கொன்று வாங்க வேண்டியதில்லை, ஒரு ஊர்க் குழுவுக்கு ஒரு ஜோடி போதும், விதை பகிர்கிற மாதிரிப் பகிர்ந்துகொள்ளலாம். ஸ்டாண்டில் வண்டியை இறக்கி, கையால் ஒருமுறை உலுக்கிப் பார்த்து, அதன் பிறகே தலையை உள்ளே விட வேண்டும்.

பாட்டில் ஜாக்கி வைத்திருப்பவர்கள் அதை ரன்னிங் போர்டு விளிம்புக்குக் கொண்டுபோகாதீர்கள். அதன் இடம் ஆக்சில். ஆம்னிக்கும் ஈகோவுக்கும் பின்னால் ஒரே நீள ஆக்சில்தான். அதன் குழாய்ப் பகுதியில், ஸ்பிரிங்குக்கு அருகில் வைக்கலாம். நடுவிலுள்ள பூசணிக்காயில் வைக்காதீர்கள், வண்டி இரண்டு பக்கமும் ஊஞ்சலாடும். பிரேக் பைப் ஆக்சில் மேல் ஓடும், அது நசுங்காமல் பாருங்கள். ரன்னிங் போர்டு அரித்துப்போன வண்டிக்குப் பின்பக்கத்தில் இதுதான் வழி. இதில் இன்னொரு லாபமும் உண்டு. ரன்னிங் போர்டில் தூக்கும்போது ஸ்பிரிங் முழுக்க நீண்டு தொங்கிய பிறகுதான் சக்கரம் தரையை விடும், அதனால் வண்டியை வெகு உயரம் தூக்க வேண்டியிருக்கும். ஆக்சிலில் தூக்கினால் ஜாக்கி ஏறிய அளவு சக்கரமும் உடனே ஏறும். சங்கடம் ஒன்றுதான்: டயர் தட்டையாகி விட்டால் ஆக்சில் தாழ்ந்துபோய் ஜாக்கி அடியில் நுழையாது. அப்போது பஞ்சர் சக்கரத்துக்கு முன்னால் அந்த இரண்டு அங்குலப் பலகையைப் போட்டு வண்டியை மெல்ல அதன்மேல் ஏற்றிக்கொள்ளுங்கள்.

சக்கரம் வைத்த டிராலி ஜாக்கி பட்டறையின் சிமென்ட் தரைக்கு உரியது. அதன் கை மேலே போகப் போக வளைந்து போகும், ஜாக்கி தானாக உருண்டு அதை ஈடுகட்ட வேண்டும். மண்ணில் உருளாது, வண்டியைத்தான் இழுக்கும். தரைத்தகடு, ஆயில் சம்ப், பெட்ரோல் டேங்க், கேஸ் வண்டியானால் கேஸ் டேங்க், இவற்றில் எந்த ஜாக்கியும் படக் கூடாது.

அரிப்பைத் தள்ளிப்போட நாம் செய்யக்கூடியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. டிரம்முக்கு அடியில் தார்ப்பாயை நாலு ஓரமும் மடித்துத் தொட்டி மாதிரி விரியுங்கள். இடுபொருள் ஏற்றிய அன்று மாலையே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைப் பீய்ச்சி அலசிக் காய விடுங்கள். பழைய இன்ஜின் ஆயிலை அடியில் பூசுகிற வழக்கம் நம் பக்கம் உண்டு. அது சொட்டி விழுவது நம் மண்ணில்தான், ரப்பர் புஷ்களையும் ஊற வைத்துக் கெடுக்கும். தார் கலந்த அண்டர் கோட்டிங் அடித்துக்கொள்வது மேல். அதையும் துருவைச் சுரண்டிய பிறகு அடிக்க வேண்டும், துருவின் மேலேயே பூசினால் உள்ளே மூடி வைத்து வளர்த்ததாகும்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் பாலிசியில் தேய்மானம் விலக்கு. துருப்பிடித்த ரன்னிங் போர்டுக்கு எந்தக் கம்பெனியும் பணம் தராது. பழைய வண்டிக்குக் கடன் கேட்டுப் போனாலும், விவரம் தெரிந்த மதிப்பீட்டாளர் பெயின்டைப் பார்க்க மாட்டார், குனிந்து ரன்னிங் போர்டைத்தான் தட்டுவார். சொந்த உபயோக வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதும் அடித்தகரம் நமக்காகப் பேச வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வேனில் வருகிறவர்கள் ஒரு ஸ்க்ரூ டிரைவரும், உங்கள் வண்டியின் ஜாக்கியும் எடுத்து வாருங்கள். சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். ஒவ்வொரு வண்டியாகத் தட்டிப் பார்த்து, நாலு ஜாக்கி இடத்திலும் வெள்ளைப் பெயின்டால் அம்புக்குறி போட்டுவிடலாம். பஞ்சர் கடைத் தம்பிக்கும் அது வழிகாட்டும். பெயின்டும் பிரஷ்ஷும் நான் கொண்டுவருகிறேன்.